பேச்சியம்மனுக்கு விட்ட பெட்டிகள்

1

எங்கள் தெருமுனையில் பஸ் நிற்கும் இடத்துக் கம்பத்தில், தீபாவளிக்குச் சற்று முன்பு, மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். ராஜபாளையத்தில் நூற்பாலை ஃபிட்டராக இருந்தவன் நான். நூற்பு மெஷின் செய்யும் கம்பெனியில் பயிற்சி என்று ஜெர்மனிக்கு வந்தவன், அப்படியே இங்கே வேலையில் ஒட்டிக்கொண்டு பதினைந்து வருடம் ஆகிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் புதுப் பலகை எதையாவது பார்த்தால் பயம்தான். இங்கே பலகை என்றால் எதையோ செய்யாதே என்று அர்த்தம். நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அந்தக் காரியத்தைச் செய்து முடித்திருப்பேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் மீனா பின்னால் வந்து நின்றாள். பதினாலு வயது. இந்த ஊரில் எனக்கு வாயும் காதும் அவள்தான்.

“பயப்படாதீங்கப்பா, இது நமக்கில்லை. தேனீக்கு.”

“தேனீக்குப் பலகையா?”

“தேனீக்கு ஒரு சீக்கு வந்திருக்கு. இந்த ஏரியாவிலிருந்து யாரும் தேன்பெட்டியை வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது. வெளியேயிருந்து உள்ளே கொண்டுவரவும் கூடாது. அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து இங்கே வீடு மாறியபோது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்னை அலையோ அலை என்று அலைய விட்டவர்கள் இவர்கள். கொண்டுபோன காகிதத்தில் எப்போதும் ஒரு முத்திரை குறையும். அந்த முத்திரைக்காரர்கள் தேனீயையும் விட்டுவைக்கவில்லை என்று நினைத்தபோது மனதுக்கு ஏனோ ஒரு சமாதானம். மீனாவிடம் அதைச் சொன்னேன். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. “சீக்கு பரவும்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள். இப்போதெல்லாம் அவள் என்னைவிட வேகமாகத்தான் நடக்கிறாள்.

2

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவுக்குப் போன் போடுவேன். அக்கா பாக்கியமும் அத்தானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பில் குடியிருக்கிறார்கள். வீட்டில் போன் கிடையாது. ரோட்டு முக்கில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்துக்குப் போட்டு, ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட வேண்டும். பூத்து என்பது ஒரு பலசரக்குக் கடையின் மூலை. நாங்கள் பேசுவதைப் பருப்பு வாங்க வந்தவர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதனால் அக்கா பெரும்பாலும் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தவுடனே ஆரம்பித்துவிட்டாள்.

“தம்பி, ரெண்டு தேன்பெட்டியில புழுச் சீக்கு வந்துருச்சுடா. அன்னைக்கு வந்துச்சே, அதே மாதிரி. அடையில இருக்க குஞ்சுப் புழு மல்லாக்கக் கெடக்கு. ஊசியால தூக்குனா தண்ணிப் பை மாதிரி வருது.”

“மூணாவது பெட்டி?”

“அது நல்லா இருக்கு. நீ கவலைப்படாத. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டையும் பேச்சியம்மனுக்கு விட்டுருவோம்னு இருக்கோம். அன்னைக்கும் அவதான காப்பாத்துனா.”

“சரிக்கா, அப்படியே செய்ங்க,” என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மீனாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போனை வைத்தேன்.

3

அத்தான் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, எண்பதுகளின் நடுவில் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். அரசாங்கத் திட்டம் ஒன்றில் தேன்பெட்டி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாங்கி வந்தார். பிறகு மலையடிவாரத்து மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் கூடு கட்டியிருந்த தேனீயைப் பிடித்துவந்து பெட்டியில் குடியேற்றக் கற்றுக்கொண்டார். அடுக்கடுக்காக அடை வைக்கிற சின்ன ஜாதித் தேனீ அது. காட்டில் இருப்பதும் அதுதான், பெட்டியில் இருப்பதும் அதுதான். மேய்கிற பூவும் இரண்டுக்கும் ஒன்றே.

பெட்டிகளுக்கு ஒன்றாம் பிளட்டூன், இரண்டாம் பிளட்டூன் என்று பெயர் வைத்திருந்தார். காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றின் முன்னால் ஒரு நடை நடப்பார். நான் லீவில் போயிருக்கும்போது அக்கா அடுப்படியிலிருந்து, “ஏலே, அவிய அணிவகுப்பு முடிஞ்சுதான்னு பாரு, இட்லி ஆறுது” என்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புளி பூக்கிற சமயம், தெற்கேயிருந்து ஒரு வியாபாரி லாரி நிறையப் பெட்டிகளோடு வந்து பக்கத்துத் தோப்பில் இறக்கினார். ரப்பர்த் தோட்டத்தில் தேன் எடுத்து முடித்துவிட்டு, அடுத்த பூவைத் தேடி ஊர் ஊராகப் பெட்டியை ஏற்றிச் செல்வது அவர்கள் தொழில். அத்தானுக்கு ஒரே பிரமிப்பு. “மாப்ளே, அது பட்டாலியன். நம்மகிட்ட இருக்கது வெறும் பிளட்டூன்” என்று எனக்குப் போனில் சொன்னார். வந்து இறங்கிய பெட்டிகளில் பல ஏற்கெனவே சோர்ந்திருந்தன. இடம் மாறினால் சரியாகிவிடும் என்று வியாபாரி சொன்னாராம். அவரும் அப்படித்தான் நம்பியிருப்பார். ஆனியில் மிச்சமிருந்ததை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆடியில் அத்தானுடைய பெட்டிகளில் புழுச் சீக்கு கண்டது.

எரித்துவிடுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கோ மாட்டுக்கோ தீராத சீக்கு வந்தால் சாமிக்கு நேர்ந்து விடுவது உண்டு. மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, கோயிலடியில் கொண்டுபோய் அவிழ்த்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதன் பிறகு அது சாமியின் சொத்து, யாரும் அதன்மேல் கை வைக்க மாட்டார்கள். தேனீயை நேர்ந்து விட்டதாக அதற்கு முன்பு நான் கேள்விப்பட்டதில்லை. அக்காதான் தொடங்கிவைத்தாள். “காட்டுல இருந்து வந்ததுதான, காட்டுக்காரிகிட்டயே போகட்டும்” என்று சொல்லிவிட்டாள். ஓர் ஆடி வெள்ளியில் பெட்டிகள் அத்தனைக்கும் மஞ்சள் துணி கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, மலையடிவாரத்துப் பேச்சியம்மன் கோயிலுக்குப் பின்னால் வரிசையாக வைத்து வாசலைத் திறந்து விட்டார்கள்.

சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அப்படி ஒரு கூட்டம். அக்கா அங்கேயே அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்தாள். அன்றைக்குப் போனில் அழுதாள். “அவ காப்பாத்திட்டாடா தம்பி. எம்புட்டு ஈ தெரியுமா!” நானும் இங்கே சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டேன். பிறகு பெட்டிகள் காலியானபோது, பிழைத்த ஈயை அம்மன் காட்டுக்கே அழைத்துக்கொண்டாள் என்று அக்கா நினைத்தாள்.

அடுத்த தையில் மலையில் தேனீ இல்லை. மலையில் தேன் எடுத்துப் பிழைக்கிற பளியர் இனத்து வேலன் வந்து அக்காவிடம், “பொந்து பொந்தாக் கையை விட்டுப் பாத்துட்டேம்மா. அடை இருக்கு, ஈ இல்லை” என்றாராம். தேன் விற்றுத்தான் அவர் வீட்டுக்கு அரிசி வர வேண்டும். அந்த வருடம் அத்தானிடம் தேங்காய் உரிக்கிற வேலைக்கு வந்தார். புளியும் சரியாகக் காய்க்கவில்லை. அம்மனுக்கு ஏதோ கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கே ஒன்றும் தெரியாதே.

வருடக்கணக்கில் மலை அப்படியே கிடந்தது. இந்த வருடம் தையில்தான் கோயிலடிப் புளியமரத்துப் பொந்தில் ஒரு கூடு கண்ணில் பட்டது. பிறகு ஓடைப் பாறையில் இன்னொன்று. வேலன் ஓடிவந்து சொல்லியிருக்கிறார். அக்கா அதை எனக்குச் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. அத்தானுக்கும் தெம்பு வந்துவிட்டது. பொந்தில் இருப்பதைத் தொடவே கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னதால், தெற்கே போய் ஒரு வியாபாரியிடம் மூன்று பெட்டி விலைக்கு வாங்கிவந்தார்.

4

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் புகை வந்துகொண்டிருந்தது. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். மூன்று தேன்பெட்டி வைத்திருந்தார். குழி தோண்டி அதில் ஒன்றைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். கால்நடை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அம்மா ரப்பர் பூட்ஸோடு பக்கத்தில் நின்றார். பெரியவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் விறகைத் தள்ளினார். வேலியோரம் மீனா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அம்மாகிட்ட ஒண்ணு கேளு. எதுக்கு எரிக்கணும்? காட்டுல கொண்டுபோய் விட்டுட்டா என்ன?” என்றேன்.

மீனா கேட்டாள். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். மீனா அதைத் தமிழில் சொன்னாள்.

“சீக்கு வந்த பெட்டியில தேனீ செத்துப்போயிடும், இல்லைன்னா ஓடிப்போயிடும். ஆனா தேன் உள்ளேதானே இருக்கும்? வாசல் திறந்திருந்தா சுத்தி இருக்கிற நல்ல தேனீ எல்லாம் அதைத் திருட வரும். கூட்டம் கூட்டமா மொய்க்கும். பாக்கிறவங்க பெட்டி பிழைச்சிடுச்சுன்னு நினைப்பாங்களாம். ஆனா அதுங்க தேனோட சீக்கையும் எடுத்துட்டுத் தங்களோட கூட்டுக்குப் போயிடும். அப்படித்தான் பரவுமாம்.”

எங்கள் ஊரில் வந்த சீக்கைப் பற்றி அந்த அம்மாவிடம் சொல்லும்படி மீனாவிடம் சொன்னேன். இங்கே இருப்பது வேறு ஜாதித் தேனீ, வேறு சீக்கு. ஆனால் அதுவும் இந்த வழியில் பரவக்கூடியதுதான் என்றார். மற்ற இரண்டு பெட்டியும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்டேன். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பக்கத்தில் நின்றவற்றுக்குள்ளும் சீக்கு இருக்கலாம், அவற்றை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது என்றார்.

அந்த அம்மா போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அன்றைக்குப் பெட்டி வாசலில் மொய்த்தது எங்கள் தேனீ இல்லை. மலையிலிருந்த தேனீ. செத்த பெட்டியின் தேனைத் திருட வந்து, சாவைத் தூக்கிக்கொண்டு பொந்துக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அக்கா பொங்கல் வைத்தாள், நான் ஊதுபத்தி கொளுத்தினேன். இதோ வெள்ளிக்கிழமை மறுபடி கொண்டுபோய் விடப்போகிறாள். புளியமரத்துப் பொந்தில் இப்போதுதான் ஒரு கூடு வந்திருக்கிறது.

5

“அத்தைகிட்டச் சொல்ல வேண்டியதுதானே அப்பா. எரிக்கச் சொல்லுங்க,” என்றாள் மீனா.

“எரிக்கச் சொன்னா ஏன்னு கேப்பா.”

“ஏன்னு சொல்லுங்க. உண்மைதானே?”

“அன்னைக்கு அவ செஞ்சதுனாலதான் மலையில இருந்ததெல்லாம் செத்துச்சுன்னு சொல்லணும். அதை எப்படிச் சொல்றது?”

“அது நடந்ததுதானே? நடந்ததைச் சொன்னா என்ன?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் டாக்டர் முகத்தைப் பார்த்து உனக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மீனா இங்கே வளர்ந்தவள். அவளுக்கு அத்தை என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிற ஒரு குரல், தீபாவளிக்கு வருகிற ஒரு பார்சல். தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய கை எனக்கல்லவா தெரியும். என் தாய் படுத்த படுக்கையான பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. “உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு” என்று கத்தினேன். மனது புண்பட்டால் மீனா ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். வேகமாக ஏதோ சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பாதி நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் பூத்துக்குப் போட்டேன். அக்கா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“என்னலே, புதன்கிழமை போன் போடுத? மீனாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“எல்லாரும் நல்லா இருக்கோம்கா. அந்த ரெண்டு பெட்டியையும் அம்மனுக்கு விட வேண்டாம். எரிச்சிருங்க.”

“என்னடா பேசுத? உசுரு இருக்கதையா?”

“இங்க கவர்மெண்டே அப்படித்தான் செய்யுது.”

“அது உங்க ஊரு கவர்மெண்டு. இங்க அம்மன் இருக்கா. போன தடவை காப்பாத்துனாள்ல?”

“காப்பாத்தலக்கா,” என்றேன்.

சொல்லிவிட்டேன். வாசலில் மொய்த்தது எது, எதற்காக வந்தது, எதை எடுத்துக்கொண்டு போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ அரைக் கிலோ வெல்லம் கேட்பது காதில் விழுந்தது. தராசுத் தட்டு கிணுங்கியது.

“அப்போ மலையில இருந்ததை எல்லாம் நான்தான் கொன்னுருக்கேன். அப்படித்தான சொல்லுத?”

“தெரியாமச் செஞ்சதுக்கா. நான் மட்டும் என்ன…”

“பொங்கல் வேற வச்சேனேடா,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது பெட்டியைப் பற்றி இன்னும் நான் வாயே திறக்கவில்லை. உடனே திரும்பப் போட்டேன். “அக்கா போயிட்டாகண்ணே. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கல” என்றார் கடைக்காரர். அத்தான் ராஜபாளையம் போயிருந்தார். நல்லா இருக்கிற பெட்டியையும் நகர்த்த வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லிவிடுகிறேன் என்றார். கடையில் கூட்டம். சொன்னாரா, மறந்தாரா, இன்றுவரை தெரியாது.

6

சனிக்கிழமை அத்தான்தான் போனில் வந்தார். பட்டாளத்துக் குரல்.

“ரெண்டையும் எரிச்சாச்சு மாப்ளே. குழி தோண்டி, மண்ணெண்ணெய் ஊத்தி, மேல மண்ணைப் போட்டு மூடியாச்சு.”

“மூணாவது பெட்டி அத்தான்?”

“உங்க அக்காகிட்டயே கேளு,” என்றார்.

அக்காவின் குரல் தெளிவாக இருந்தது. நான் பயந்துகொண்டிருந்த அழுகை அதில் இல்லை.

“சீக்கு வந்ததைப் போயி அம்மனுக்குக் கொடுத்தேன் பாரு, அது என் குத்தம் தம்பி. அழுகுன பழத்தை யாராச்சும் சாமிக்குப் படைப்பாகளா? அதான் அவளோடது எல்லாம் போயிருச்சு. அதுக்குப் பரிகாரமா இந்த வட்டம் நல்லதா ஒண்ணைக் கொடுத்துட்டேன். நேத்து விரதம் இருந்து, நானே தலையில சுமந்துட்டுப் போயி வச்சுட்டு வந்தேன்.”

“எங்கக்கா வச்ச?”

“கோயிலடிப் புளியமரத்துக்குக் கீழ. பொந்துல ஒரு கூடு வந்துருக்குல்லா, அதுக்குத் தொணையா இருக்கட்டும்னுதான்.”

சீக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற பெட்டி அது. “நீ சொன்னதும் நல்லதாப் போச்சுடா, இல்லாட்டி என் பாவம் எனக்கே தெரியாமப் போயிருக்கும்” என்றாள். அவளிடம் இன்னொரு தடவை அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அத்தானைக் கூப்பிடச் சொன்னேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பெட்டியை எடுத்து எரித்துவிடுங்கள் அத்தான், இப்போதே போங்கள் என்று கெஞ்சினேன்.

“துணி கட்டியாச்சு மாப்ளே,” என்றார். “சண்டையில நின்னவன் நான், எதுக்கும் பயந்தது கிடையாது. ஆனா நேந்து விட்டதுல கை வைக்க மாட்டேன். என்னை அதுக்குமேல கேக்காத.”

கடைக்காரரைக் கேட்டேன். “ஐயோ, அம்மன் சொத்துண்ணே” என்றார். வேலனிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தேனால் பிழைக்கிறவரே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஊர்ப்பக்கம் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போட்டேன். “தேனீயெல்லாம் எங்க டிபார்ட்மெண்ட் இல்ல சார்” என்று இன்னொரு அலுவலகத்தைச் சொன்னார்கள். அங்கே, “காட்டோரமா இருக்குல்ல சார், அப்போ எங்களுக்கு வராது” என்றார்கள். மஞ்சள் பலகையைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது அப்படி ஒரு பலகை வைக்க ஓர் ஆபீசர் கிடைக்க மாட்டாரா என்று தவிக்கிறேன்.

“நீங்க போங்களேன் அப்பா,” என்றாள் மீனா. என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் வாரக்கணக்கில் தூதரகத்தில் கிடக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். போனாலும் என் கை அந்தத் துணியை அவிழ்க்குமா என்று எனக்கே நிச்சயமில்லை என்பதைச் சொல்லவில்லை. “ஒருத்தர்கூடவா எடுக்க மாட்டாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கலாம். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. வாசிக்கிறவர்களில் யாருக்காவது அந்த அம்மன்மேல் பயமில்லை என்றாலோ, வேறு சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலோ, தயவுசெய்து செண்பகத்தோப்பு ரோட்டில் அடிவாரம் வரை போங்கள். கோயிலுக்குப் பின்னால் புளியமரம். மரத்தடியில் மஞ்சள் துணி கட்டிய பெட்டி ஒன்றே ஒன்றுதான். பொழுது சாய்ந்து ஈ எல்லாம் அடைந்த பிறகு வாசலைக் களிமண் வைத்து அடையுங்கள். குழி தோண்டி அதிலேயே வைத்து எரித்து மூடிவிடுங்கள். குங்குமத்தைப் பார்த்துக் கை கூசினால், பாவம் என்னைச் சேரட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். என் அக்காவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போகிறாள். பெட்டி இல்லாததைப் பார்த்தால், அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொள்வாள்.